ஒன்பது பேரின் ரத்தம்

இசைவாணிக்கு அந்தக் கடிதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து புளிசோற்றில் அப்போதுதான் கை வைத்திருந்தாள். கடிதம் என்றால் தபால்காரர் கொண்டுவருவது இல்லை, கணினியில் வருவது. நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் அதில் ஒரே 'டிங்' சத்தம்தான்.

அனுப்பியவர் ஒரு வெளிநாட்டு ஆய்விதழின் ஆசிரியர். உடம்பு நோயை எதிர்த்து நிற்கும் சக்தி அப்பன் ஆத்தாளிடமிருந்து பிள்ளைக்கு எப்படி இறங்குகிறது என்பதை மட்டுமே பேசும் இதழ் அது. உலகம் முழுக்கச் சேர்த்து அதைப் படிக்கிறவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துப் பந்தி பரிமாறிவிடலாம். ஆனாலும் அதில் ஒரு கட்டுரை வந்துவிட்டால் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு வாழ்வு வந்த மாதிரி. இசைவாணியின் கட்டுரை போன வருஷம் வந்தது. அதை வைத்துத்தான் டாக்டர் பட்டம் வாங்கினாள். சிதம்பரத்தைத் தாண்டிக் கொள்ளிடம் போகிற சாலையில் அவள் வேலை பார்த்த சின்ன ஆராய்ச்சி மையத்தில், அதை வைத்துத்தான் அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கு நேர்காணல் போகவிருந்தாள்.

கட்டுரையின் சங்கதி இதுதான். கடலூர்க் கரையோரத்தில் காசநோய் வந்தவர்கள் எண்பது பேர், வராதவர்கள் எண்பது பேர் என்று ரத்தம் எடுத்து, நோயை எதிர்க்கும் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தாள். அதில் ஒரு வகை, நோயாளிகளில் ஐந்து பேருக்குத்தான் இருந்தது. நோயில்லாதவர்களில் பதினேழு பேருக்கு இருந்தது. ஆகவே அந்த வகை காசநோயைத் தடுக்கிறது போலும் என்று எழுதினாள். 'போலும்' என்பதை ஜாக்கிரதையாகத்தான் போட்டிருந்தாள். ஊர் வாயில் அந்தப் 'போலும்' முதல் நாளே உதிர்ந்து, கரையோரத்துச் சனத்துக்குக் காசநோய் சுலபத்தில் வராது என்றே ஆகிவிட்டது.

கடிதம் சுருக்கமாக இருந்தது. அவள் பொதுவில் வைத்திருந்த மூலக் கணக்கை ஒரு வாசகர் மறுபடி சோதித்திருக்கிறார். நோயில்லாத எண்பது பேரில் ஒன்பது பேருக்கு, பார்த்த ஆறு இடங்களிலும், மரபணு வகைகள் அச்சு அசலாக ஒன்றே. தனித்தனி மனிதர்கள் ஒன்பது பேருக்கு இப்படி அமைய வழியே இல்லை. முப்பது நாளுக்குள் விளக்கம் வேண்டும். கூடவே, ரத்தம் சேகரித்தவர் கையெழுத்துப் போட்ட வாக்குமூலமும் வேண்டும்.

சோற்றை மூடி வைத்துவிட்டு அட்டவணையைத் திறந்தாள். எண்பது வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மனிதர். மரபணு வாரியாக மேலிருந்து கீழாகத்தான் அவள் அன்று எண்ணினாள். எந்த வகை எத்தனை பேருக்கு என்பதுதானே கேள்வி? ஒரு மனிதரை இடமிருந்து வலமாக முழுசாக ஒருதரம்கூடப் படித்ததில்லை. இப்போது படித்தாள். எழுபத்திரண்டு முதல் எண்பது வரை ஒரே வரியை ஒன்பது தடவை ஒட்டிவைத்தது போல இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. டியூப் கலந்துவிட்டது, மெஷின் மக்கர் செய்துவிட்டது என்று மனசு நூறு சமாதானம் சொல்லும். ஆனால் அட்டவணையின் தலைமாட்டில், எண் போடாத ஒரு வரிசை இருந்தது. மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் தெரிந்த ரத்தம் ஒன்றை வைப்பார்கள். இசைவாணி தன் ரத்தத்தையே வைத்திருந்தாள். கண் அந்த வரிக்கும் இந்த ஒன்பதுக்கும் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு இடத்திலும் மனிதருக்கு இரண்டு உண்டு, ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. ஆறு இடங்களிலும் அவளிடமிருந்த இரண்டில் ஒன்று அந்த ஒன்பதிலும் இருந்தது. ஓரிடம், ஈரிடம் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம், ஆறுக்கு ஆறு அப்படி இல்லை. காசநோயைத் தடுக்கிறது என்று அவள் உலகத்துக்குச் சொன்ன வகையும் அதில் இருந்தது. அது அவளிடமும் இருந்தது.

கடைசி இருபது டியூப்பையும் கடலூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவர் அவள் அப்பா தங்கராசு.

அவள் நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்தச் சித்திரை மாதப் பகல் அப்படியே வந்து நின்றது. மரபணு பார்க்கும் மருந்துப் பெட்டி மறுநாளோடு காலாவதி. அடுத்த பெட்டி வர ஆறு மாதம் ஆகும். வழிகாட்டிப் பேராசிரியர் தேவநாதன் அதற்குள் ஓய்வு பெற்றுவிடுவார். நோயில்லாதவர்களில் அறுபது பேர் ஆயிற்று, இருபது பேர் பாக்கி. போனில் அவள் அழுதபோது அப்பா சொன்னார், "இதுக்கா அழுவற? தேவனாம்பட்டினத்துல எனக்குத் தெரியாத வூடா? இருபதும் சாயங்காலத்துக்குள்ள வந்து சேரும், போயி வேலயப் பாரு." சொன்னபடி ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். எப்போதும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருக்கிற மனிதர், அந்த வேகாத வெயிலில் மணிக்கட்டு வரைக்கும் இறக்கிப் பொத்தான் போட்டிருந்தார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவருக்கு மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடினாள். கையை யார் பார்த்தார்கள்?

தேவநாதன் ஓய்வு பெற்றும் மையத்துக்கு வாரம் மூன்று நாள் வந்து போய்க்கொண்டிருந்தார். கட்டுரையில் அவர் பெயரும் இருந்தது. கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்பது வரிசை அவள் அப்பாவுடையது என்று அவரிடம் அவள் சொல்லவில்லை. ஒரே ஆளுடைய ரத்தம் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

"ஒன்பதையும் கழிச்சிட்டா என்ன வருது?" என்று கேட்டார்.

"எழுபத்தொண்ணுல எட்டு சார். வித்தியாசமே இல்ல. கட்டுரையே நிக்காது."

"அப்ப கழிக்கக் கூடாது." எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! "ஃப்ரீசர் ஒருநாள் நின்னுபோச்சு, டியூப்ப மாத்தும்போது லேபுல கலந்துபோச்சுன்னு எழுதிடு. அதே ஒன்பது பேர்கிட்ட மறுபடி எடுத்துப் புதுசா அனுப்பறோம்னு சொல்லு. நாள் போனா அவங்களும் விட்டுடுவாங்க. ரத்தம் எடுத்தது உங்க அப்பாதானே? எல்லாம் ஒழுங்கா எடுத்தேன்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடு."

"அது பொய்யாச்சே சார்."

"உண்மைய எழுதினா யார் தலை உருளும்னு யோசி. உன் பட்டம் போகும். ரத்தம் எடுத்த உங்க அப்பா தலையும் சேர்ந்துதான் உருளும்."

சனிக்கிழமை காலை கடலூர் பஸ்ஸில் ஏறும்போது பையில் அந்த வாக்குமூலம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. 'இருபது நபர்களிடமும் முறைப்படி நானே ரத்தம் எடுத்தேன்' என்று ஐந்து வரி. பட்டம் போவது அவளுக்குப் பயம்தான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவள் அப்பா கம்மாபுரம், சேத்தியாத்தோப்பு என்று மாவட்டம் பூராவும் அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பத்தாறு வருஷம் ரத்தமும் சளியும் பரிசோதித்தவர். காசநோய்ச் சளியைப் பார்ப்பதில் கில்லாடி. 'தங்கராசு பாத்து இல்லன்னா இல்லதான்' என்று டாக்டர்களே மறுபரிசோதனைக்கு அனுப்ப மாட்டார்கள். குடும்பத்தில் முதன்முதலாகச் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்த மனிதருக்கு, அந்தப் பேச்சுதான் சொத்து. அதில் மண் விழ அவள் விட மாட்டாள். அவரிடம் ஒன்றும் கேட்கவே வேண்டாம், கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போகிறோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

புதுப்பாளையத்து வீட்டில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது சுவரில் மாட்டிய அந்தக் கண்ணாடிச் சட்டம்தான். வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில். உள்ளே அவள் கட்டுரையின் கடைசிப் பக்கம். ரத்தம் சேகரித்து உதவிய திரு. அ. தங்கராசுவுக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தார். மகள் பெயர் இருக்கிற முதல் பக்கத்தைச் சட்டம் போடாமல் தன் பெயர் இருக்கிற கடைசிப் பக்கத்தைப் போட்டுவிட்டார் என்று அம்மா ஆரோக்கியம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

வாசலில் மீன்காரி சந்திரலேகா கூடையை இறக்கி வைத்திருந்தாள். தேவனாம்பட்டினத்துக்காரி. பத்து வருஷமாக இந்தத் தெருவுக்கு அவள்தான் மீன். அம்மா நெத்திலியைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா, எளச்சிப் போயிட்டியே" என்றாள் சந்திரலேகா. அடுத்த வார்த்தை வருவதற்குள் இருமல் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தவள் நிமிர நேரமாயிற்று.

"எத்தினி நாளாக்கா இந்த இருமல்?" என்றாள் இசைவாணி.

"அது கெடக்குது ஒரு மாசமா. ராத்திரியானா காச்ச வேற அடிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னுதான் இருந்தேன். அண்ணன்தான் வேணாம்னிச்சி."

தங்கராசு பேப்பரிலிருந்து தலை தூக்காமல் சிரித்தார். "பின்ன? தனக்கு டி.பி.யா இருக்குமோன்னு பயந்துகிட்டு நின்னா. ஒங்க சனத்துக்கெல்லாம் அது சுளுவுல வராது, என் பொண்ணு ஒலகத்துக்கே எழுதிப் போட்டிருக்கான்னு சொன்னேன். சளி புடிச்சிருக்கும், கஷாயம் வச்சிக் குடி."

ஒரு மாத இருமலும் ராத்திரிக் காய்ச்சலும் காதில் விழுந்தால், வேலையில் இருந்த காலத்தில் இந்த மனிதர் சளி டப்பாவோடு எழுந்து நின்றிருப்பார். இன்று அவர் கையில் டப்பா இல்லை, மகளின் கட்டுரைதான் இருந்தது. அந்தக் கட்டுரையில் இருந்ததோ அவருடைய ரத்தம்.

சந்திரலேகா கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள். இருமல் தெருமுனை வரை கேட்டது.

"உள்ள வாப்பா" என்றாள் இசைவாணி. கேட்கக் கூடாது என்று பஸ்ஸில் எடுத்த சபதம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு நேராகவே கேட்டாள். "அன்னைக்கு நீ கொண்டாந்த இருபது டியூபுல ஒன்பது யாருதுப்பா?"

"யாருதுன்னா? அதான் பேரு எழுதியிருந்துச்சே."

"பேரு எழுதியிருந்துச்சி. ரத்தம் யாருது?"

தங்கராசு பேப்பரை மடித்தார். மறுபடி பிரித்தார். "மூணு வருஷத்து கதைய இப்ப இன்னாத்துக்குக் கெளர்ற?"

நெத்திலியோடு வந்த ஆரோக்கியம்மாள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "அன்னைக்கா? அன்னைக்கு முழங்கையில பஞ்ச ஒட்டிக்கினு நின்னாரு. இன்னாங்கன்னு கேட்டதுக்கு யாருக்கோ ரத்ததானம் குடுத்தேன்னு சொல்லி, ரெண்டு முட்ட அவிச்சிக் குடுன்னு வாங்கித் தின்னுட்டு ஓடுனாரு" என்றாள். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவளுக்குத் தோன்றியது. மீனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

தங்கராசு பேப்பரைக் கீழே வைத்தார். பேசியபோது குரல் சின்னதாகிவிட்டது.

"இருபது பேரும் ஒத்துக்கினாங்க. எல்லார்கிட்டயும் பேரு, வயசு கேட்டு, பாரத்துல கையெழுத்து, கைநாட்டு எல்லாம் வாங்கிட்டேன். பதினோரு பேருகிட்ட ரத்தம் எடுத்தாச்சி. அதுக்குள்ள மேலத் தெருவுல ஒரு பெரிசு பூட்டாரு. படகுக்காரரு. அவ்வளவுதான், ஊரே வேலய நிறுத்திடுச்சி. பொணம் கெடக்கும்போது ஊசி குத்தி ரத்தம் எடுக்கறதா, அடக்கம் முடியட்டும், நாளைக்கு வாங்கன்னுட்டாங்க. நாளைக்கி வந்து இன்னா பண்றது? மருந்து போயிடும், ஒன் வாத்தியாரு போயிடுவாரு. நீ போனுல அழுதது காதுலயே நிக்குது. வூட்டுக்கு வந்தேன். ஒரே குத்து. பெரிய சிரிஞ்சுல எடுத்து ஒன்பது டியூபுலயும் பிரிச்சி ஊத்துனேன்."

"எப்படிப்பா மனசு வந்துச்சி? நீயா இப்படிப் பண்ண?"

"எனக்கு அது தப்பாவே படல இசை." இப்போது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "நீ கேட்டது இன்னா? நோயில்லாதவன் ரத்தம். முப்பத்தாறு வருஷம் டி.பி. சளிக்கு நடுவுல குந்தினு இருந்தவன் நான். எனக்கு வரல. என்னவிட நோயில்லாதவன் தேவனாம்பட்டினத்துல எவன் இருக்கான்? ஆஸ்பத்திரியில புது மருந்து வந்தா, சரியா வேல செய்யுதான்னு பாக்க யாரு ரத்தத்த வைப்போம்? என் ரத்தத்ததான். எத்தினி ஆயிரம் தடவ வச்சிருப்பேன்! நல்ல ரத்தம்னா நல்ல ரத்தம்தானேன்னு..." பாதியில் நிறுத்தினார்.

இசைவாணிக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. மெஷினுக்குத் தன் ரத்தத்தையே வைத்தவள்தானே அவளும்.

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து கடிதத்தை எடுத்துத் தமிழில் சொன்னாள். பதினேழு எப்படி வந்தது, ஒன்பதைக் கழித்தால் எப்படி எட்டாகிறது என்றும் சொன்னாள். "நான் கண்டுபிடிச்சது ஒண்ணுமே இல்லப்பா. ஒன்னத்தான் ஒன்பது தடவ எண்ணியிருக்கேன். எண்பது வரியையும் மேலருந்து கீழதான் பாத்தேன். ஒரு வரியக் குறுக்கால படிச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

தங்கராசு கணக்கில் கெட்டிக்காரர். இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் உதடு மட்டும் அசைந்தது. "அப்ப... அந்தச் சனத்துக்கு எதிர்ப்பு இருக்குதுன்னு போட்டதெல்லாம்?"

"அப்படி ஒண்ணும் இல்லப்பா."

அவர் முகத்தை அவள் பார்த்தாள். மனிதர் நினைத்தது பட்டத்தையோ, தன் பெயரையோ இல்லை. "சந்திரலேகா" என்றார்.

எழுந்தார். அலமாரியைத் திறந்து, கீழ்த்தட்டில் பழைய சாமான்களுக்குள் துழாவி, மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் சளி டப்பாவை எடுத்தார். ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியும் அதை ஏன் வைத்திருந்தார் என்று கேட்கக் கூடாது. சுவரிலிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, பீரோவுக்குப் பின்னால் சொருகினார். செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். அறுபத்துமூன்று வயசு மனிதர் வெயிலில் மீன்காரியைத் தேடிக்கொண்டு ஓடுவதை ஜன்னல் வழியாகத் தெருவே பார்த்தது.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "பெட்டிக்கடைகிட்டப் புடிச்சேன். நான் சொன்னது தப்பும்மா, மன்னிச்சிடுன்னு சொன்னேன். கூடையோடவே ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரியில வுட்டுட்டேன். சளி குடுத்துட்டா. திங்கக்கெழம சொல்லுவாங்க." தண்ணீர் குடித்தார். "சளியப் பாத்தா எனக்குத் தெரியும் இசை. இருக்குது."

"மாத்திர போட்டா சரியாயிடும்லப்பா."

"சரியாயிடும். ஒரு மாசம் முன்னாடியே போயிருந்தா இன்னும் சுளுவா ஆயிருக்கும். அவ வூட்டுல ரெண்டு சின்னப் புள்ளைங்க கெடக்குது." துண்டால் முகத்தைத் துடைப்பது போல மூடிக்கொண்டார். அப்பா அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மேசை மேல் அந்த ஐந்து வரி வாக்குமூலம் இருந்தது. எடுத்துப் படித்தார். "இதுல நான் கையெழுத்துப் போட்டா ஒன் பட்டம் நிக்குமா?"

"நிக்கலாம்."

"உண்மைய எழுதினா?"

"போவலாம். வேல நிச்சயமாப் போவும். ஒன் பேரும் வெளிய வரும்ப்பா. எல்லாரும் பேசுவாங்க."

"பேசட்டும்." தாளை நாலாக மடித்து அவளிடமே கொடுத்தார். "மொதல்ல ஒன்ன அழவுடக் கூடாதுன்னு பண்ணேன். இப்ப அதவிட ஜாஸ்தியா அழ வுட்டுட்டேன். நானே எழுதறேன், நீ இங்கிலீஷ்ல மாத்திக்கோ. ஆனா வெறும் வாக்குமூலத்த எவன் நம்புவான்? பொண்ணக் காப்பாத்த அப்பன் பழிய ஏத்துக்கினான்னு சொல்லுவான். அந்த ஒன்பதும் நான்தான்னு காட்டணும்ல?"

அவள் யோசிக்காத விஷயம் அது. ஆய்விதழ் அடுத்து அதைத்தான் கேட்கும். முப்பத்தாறு வருஷம் சும்மா போகவில்லை.

டியூப் அவள் பையில் இருந்தது. தேவநாதன் சொன்னபடி ஒன்பது பேரைப் பிடிக்க நேர்ந்தால் என்று, ஊதா மூடி டியூப் ஒரு கட்டும் ஊசியும் ரப்பர் பட்டியும் எடுத்து வந்திருந்தாள். அவள் நீட்டிய கையைத் தட்டிவிட்டு அவரே ஊசியை வாங்கிக்கொண்டார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். ரப்பர் பட்டியை மேற்கையில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். இப்படித்தான் அன்றைக்கும் இந்த வீட்டில், இதே நாற்காலியில், யாரும் பார்க்காமல் தனியாக உட்கார்ந்து பல்லால் இழுத்திருக்கிறார் என்று நினைத்தபோது இசைவாணிக்குக் கண் மறைத்தது. ஒரே குத்து. ரத்தம் டியூப்பில் ஏறியது. பஞ்சை வைத்துக் கையை மடக்கிக்கொண்டு, டியூப்பை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினார்.

"பேர் எழுதறதுக்குப் பேனா குடு."

கொடுத்தாள். அன்றைக்கு ஒன்பது டியூப்பில் ஒன்பது பேருடைய பெயரை எழுதியவர், இப்போது தன் பெயரை எழுதினார். அ. தங்கராசு, வயது 63, ஆண். கீழே தேதி போட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரமும் போட்டார். எழுத்து பழைய ஆஸ்பத்திரி எழுத்தாகவே இருந்தது.

டியூப்பை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். அது வெதுவெதுப்பாக இருந்தது.

"இந்தத் தடவயாவது குறுக்கால படி" என்றார்.